பொற்செழிப்புக்கு வந்த பிள்ளைகள்

கோதுமை விலை இறங்கிய வசந்தத்தில், தாவ் ஷுமெய்யின் ஏழு வயது மகள் லியானின் உடம்புக்குள் வேறு ஊர்ப் பிள்ளைகள் மூன்று பேர் குடியேறினார்கள். லியான் அதில் இல்லை.

வட்ட அலுவலகத்தின் இடப்பெயர்ப் பிரிவு செய்த வேலை அது. மஞ்சள் மண் மேடுகளுக்கு நடுவே இருந்த அந்த ஊருக்குப் பன்றிமூக்கு என்று பெயர். மேட்டின் நுனி அப்படித்தான் இருக்கும், அதற்காக அங்கே யாரும் வெட்கப்பட்டதில்லை. கம்யூன் காலத்தில் அதைக் கிழக்குக்காற்றுப் படையணி என்றார்கள். பிறகு செங்கொடி என்றார்கள். ஒவ்வொரு முறையும் ஊர் முனையில் இருந்த பெயர்க்கல்லின் மேல் சுண்ணாம்பு பூசி எழுதிவிட்டுப் போவார்கள், இரண்டு மழையில் அது கரைந்து ஊர் மறுபடி பன்றிமூக்காகிவிடும். ஆனால் பிரிவுத் தலைவர் கோவ், சுண்ணாம்போடு திருப்தியடைகிற ஆள் இல்லை. மூக்கு, வால், சாணம் என்று பெயர் வைத்திருக்கிற ஊர்களால் வட்டத்துக்கே தலைகுனிவு என்று ஒரு கூட்டத்தில் பேசிக் கைதட்டு வாங்கினார். கைதட்டியவர்கள் அந்த ஊர்களில் கால் வைக்காதவர்கள். அவர் பன்னிரண்டு ஊர்ப் பெயர்களை நீக்கினார். பன்னிரண்டு புதுப் பெயர்களை யோசிக்கும் அளவுக்கு அந்தத் தலைக்குள் சரக்கு இல்லாததால், எல்லா ஊருக்கும் பொற்செழிப்பு என்று ஒரே பெயரை வைத்தார். தான் பிறந்த கழுதைச்சாணத்துக்கும் அதையேதான் வைத்தார்.

பெயர் சூட்டு விழாவன்று பழைய கல்லைப் பெயர்த்து லாரியில் ஏற்றினார்கள். சிவப்பு எழுத்து வெட்டிய புதுக்கல்லைச் சுற்றிப் பட்டாசுச் சரம் கட்டிக் கொளுத்தினார்கள். வேடிக்கை பார்க்கப் பக்கத்தில் நின்றிருந்த லியான், முதல் வெடியிலேயே உயிர் நழுவி நின்றுவிட்டாள். ஆளில்லாத வீட்டின் ஜன்னல் போலக் கண் திறந்திருந்தது. கோவ் அவள் தலையைத் தட்டிக்கொடுத்து, "நல்ல அடக்கமான பொண்ணு" என்று சொல்லிவிட்டு விருந்துக்குப் போனார்.

பிள்ளை பயந்து உயிர் நழுவினால் என்ன செய்ய வேண்டும் என்று அங்கே எந்தத் தாய்க்கும் தெரியும். விளக்கு வைக்கும் நேரத்தில் பிள்ளையின் சட்டையை வாசலில் வீசி, பெயரையும் ஊரையும் சொல்லி வீட்டுக்கு வா என்று கூப்பிட வேண்டும். உள்ளிருந்து ஒருவர் பிள்ளைக்குப் பதிலாக வந்துட்டேன் என்று சொல்ல வேண்டும். மறுநாள் பிள்ளை எழுந்து தினைக்கஞ்சி கேட்கும். கோதுமை அறுப்பதற்குள் கூப்பிட்டுவிட வேண்டும் என்பார்கள். அதற்கு மேல் வெளியே இருக்கும் உயிருக்கு வெளியே இருப்பதே பழகிப்போய்விடும்.

ஷுமெய் முதல் நாள் பன்றிமூக்குக்கு வா என்றுதான் கூப்பிட்டாள். அவள் கணவன் கூ தெசாங் உள்ளிருந்து பதில் சொல்ல வாய் திறப்பதற்குள், எங்கோ வட்டத் தலைநகரின் பக்கமிருந்து மெல்லிய குரல் ஒன்று வந்துட்டேன் என்றது. வாசலுக்கு யாரும் வரவில்லை. மறுநாளும் அதே குரல், அதே தூரம்.

"பேர மாத்திட்டாங்கல்ல? புதுப் பேரச் சொல்லிக் கூப்பிட்டுப் பாரு," என்றான் தெசாங். அரசாங்கம் சொன்னால் எலியும் கேட்டு நடக்கும் என்று நம்புகிற ஆள் அவன்.

மூன்றாம் நாள் அவள் பொற்செழிப்புக்கு வா என்று கூப்பிட்டாள். அந்தச் சமயம் மற்ற பொற்செழிப்புகளிலும் பட்டாசு வெடித்திருந்தது, அங்கேயும் பிள்ளைகள் பயந்திருந்தார்கள், வழி தேடிக்கொண்டிருந்த உயிர்கள் சத்தம் வந்த வாசலுக்கு வந்து சேர்ந்தன. லியான் எழுந்து உட்கார்ந்தாள். ஒரு வாயில் மூன்று குரல்கள் பேசின. ஒருத்தி தன் ஆட்டைக் கேட்டு அழுதாள். ஒருவன் நூடுல்ஸில் வினிகர் ஊற்றியது யார் என்று சண்டை பிடித்தான். இன்னொருவன் நிலக்கரிச் சுரங்கப் பக்கத்துக் கெட்ட வார்த்தைகளில் ஷுமெய்யைத் திட்டினான். மூவருக்கும் பசித்தது, வயிறு ஒன்றுதான் இருந்தது. லியானின் உடம்பு இளைத்துக்கொண்டே போனது.

செய்தி பரவி, அந்த மூன்று ஊர்த் தாய்மாரும் உயிர் நழுவித் துவண்டுகிடந்த தங்கள் பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு வந்தார்கள். சுரங்கப் பக்கத்திலிருந்து வந்த ஜியாங் என்பவள் வாசலில் நின்று சற்று நேரம் கேட்டாள். "எம் புள்ளதான். இவ்வளவு அசிங்கமாப் பேச வேற எவனுக்கும் வராது," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு மாசமா திட்டு வாங்கியிருக்கியே, மன்னிச்சுக்கக்கா."

"திட்டு போகட்டும் தங்கச்சி, தின்னுறதத்தான் தாங்க முடியல," என்றாள் ஷுமெய்.

அவர்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பழைய பெயரைச் சொன்னால் குரல் தலைநகருக்குப் போனது. புதுப் பெயரைச் சொன்னால் யார் வருவார் என்று சொல்ல முடியவில்லை. கோதுமை மஞ்சளாகத் தொடங்கியபோது, ஜியாங்கின் கணவனுடைய டிராக்டரில் நால்வரும் ஏறி வட்ட அலுவலகத்துக்குப் போனார்கள்.

கோவ் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைத் தரையில் துப்பிக்கொண்டிருந்தார். அந்தத் தரையைக் கூட்ட ஒரு ஆள் சம்பளத்தில் இருந்தார், கோவின் மைத்துனர்.

"பன்றிமூக்கா? அப்படி ஒரு ஊர் கிடையாதேம்மா," என்றார்.

"நான் அங்கதாங்க குடியிருக்கேன்."

"கிடையாத ஊர்ல குடியிருந்தா அது உன் தப்பு. உயிர் போறது வர்றதெல்லாம் மூடநம்பிக்கை, அது எங்க பிரிவுல வராது. பேர் வேணும்னா ஊர் மனு கொடுக்கணும். ஊரே கிடையாது, மனுவ யாரு கொடுக்கிறது?" சொன்னது தனக்கே பிடித்துப்போய் இன்னொரு முறை சொன்னார்.

ஷுமெய் வெளியே வந்து, வாயைக் கொப்பளிக்கத் தண்ணீர் தேடி அலுவலகத்தின் பின்பக்கம் போனாள். கழிப்பறைக்குப் போகும் வழி சேறாக இருந்தது. அதிகாரிகளின் செருப்பு நனையாமலிருக்க அதில் வரிசையாகக் கற்கள் போட்டிருந்தார்கள். மூன்றாவது கல்லில் பன்றிமூக்கு என்று இருந்தது. அதன்மேல் லியான் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெயில் அவளை ஊடுருவிச் சேற்றில் விழுந்தது.

"ஏம்மா இவ்வளவு நேரம்?" என்றாள் லியான். "நீ கூப்பிட்டப்பவே ஊருக்கு வந்துட்டேனே. ஊர் இங்க இருக்கு, உன்னத்தான் காணோம்."

"யாராச்சும் உன்ன ஏதாச்சும் சொன்னாங்களா?"

"சொல்லல. மிதிச்சிட்டுப் போறாங்க."

ஷுமெய் போய் மற்ற மூவரையும் கூட்டி வந்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் வட்ட அலுவலகம் முழுவதும் தூங்கும். தலைவர்கள் சோபாவில், எழுத்தர்கள் மேசைமேல், காவலாளி நாற்காலியில். நிலநடுக்கம் வந்தாலும் இரண்டு மணிக்கு முன் அங்கே யாரும் எழுந்ததில்லை. ஆண்டு முழுவதும் அந்த அலுவலகம் தவறாமல் செய்த ஒரே வேலை அதுதான். பட்டப்பகலில் நான்கு பெண்களும் சேற்றில் இறங்கிக் கற்களைப் பெயர்த்தார்கள். தங்கள் ஊர்க்கற்களோடு நிறுத்தாமல் பன்னிரண்டையும் ஏற்றினார்கள். கடைசிக் கல்லில் கழுதைச்சாணம் என்று இருந்தது. அதையும் ஜியாங் விடவில்லை. "அந்த ஊர்லயும் புள்ளைங்க இருக்குமில்ல," என்றாள். லியான் தன் கல்லின்மேல் உட்கார்ந்தே வந்தாள். டிராக்டரைக் கிளப்பியபோது புகைக்குழாய் கோவின் ஜன்னலுக்குக் கீழே படாரென்று வெடித்தது. உள்ளே சோபா கிறீச்சிட்டது, அவ்வளவுதான்.

அடுத்தடுத்த நாட்களில் கற்கள் தத்தம் ஊர் முனையில் நடப்பட்டன. சிவப்பு எழுத்துக் கற்கள் பன்றித்தொழுவத்துக்குத் தளமாயின. அறுவடைக்கு முந்தின அந்தியில் நான்கு ஊர்களிலும் நான்கு சட்டைகள் வீசப்பட்டன. ஆட்டுக்காரி முதலில் போனாள், வினிகர் பிடிக்காதவன் அடுத்து. ஜியாங்கின் மகன் ஷுமெய்யை வாய் நிறையக் கடைசியாக ஒருமுறை திட்டிவிட்டுப் போனான். வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்த லியான், தன் உடம்பில் புகுந்து கொட்டாவி விட்டாள். "யாரும்மா என் செருப்ப இப்படித் தேச்சது?" என்றாள். வந்துட்டேன் என்று பதில் சொல்ல வேண்டிய தெசாங் அழுதுகொண்டிருந்ததால் அதையும் அவளே சொல்லிவிட்டாள்.

கற்களை ஏற்றிய அன்று மதியமே, டிராக்டர் வெடித்த சத்தத்தில் சோபாவில் கோவின் உயிர் நழுவியிருந்தது. அவர் மனைவி அந்தியில் அவருடைய கோட்டை வீசிக் கூப்பிட்டாள். அதிகாரி வீட்டம்மா வாயால் கழுதைச்சாணம் என்று எப்படிச் சொல்வாள்? பொற்செழிப்புக்கு வாங்க என்றே கூப்பிட்டாள். கணவர் வரவில்லை. உடம்பு மட்டும் காலையில் எழுந்து அலுவலகம் போனது, விதை கொறித்தது, நீட்டியதிலெல்லாம் முத்திரை குத்தியது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த ஆண்டு அதற்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள்.

கோவ் இன்னும் ஊர் ஊராக நடந்துகொண்டிருக்கிறார். பன்றிமூக்குக்கு மாதம் ஒருமுறை, பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தில் வருவார். கதவைத் தட்டி, இது பொற்செழிப்புதானே என்று கேட்பார். லியான் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்க மாட்டாள்.

"அப்படி ஒரு ஊர் கிடையாது மாமா," என்பாள். "கதவச் சாத்திட்டுப் போங்க, குளிருது."

அவர் சாத்திவிட்டுப் போவார்.