பட்டாவில் இருக்கும் பெயர்

"நீ போயி அங்க என்ன பண்ணப் போற? நாப்பது ஆம்பளைங்க நடுவுல உக்காரப் போறியா?"

கேட்டுவிட்டுக் காசிரான் காபி டம்ளரை நங்கென்று கீழே வைத்தான். சுமியாத்தி அடுப்பை விட்டு நகரவில்லை. கூட்டுறவுச் சங்கக் கடிதம் அவள் கையில் இருந்தது. எண்ணெய் தரும் செம்பனையை வளர்க்கும் விவசாயிகளுக்கு மேம்பாட்டுப் பயிற்சி. இந்த முறை அடித்தண்டு அழுகல் நோயைப் பற்றி.

"ஏங்க, மேக்கு ஓரத்துல பதினோரு மரம் செத்துப்போச்சு. இன்னும் ஆறு மரத்துல காளான் ஏறியிருக்கு. போன பயிற்சியில என்ன சொன்னாங்கன்னு கேட்டா, குடுத்த தொப்பியக் காட்டுனீங்க."

"வருவானுங்க, படம் புடிப்பானுங்க, தொப்பி குடுப்பானுங்க, போயிருவானுங்க. நேத்துப் பொறந்த பய எனக்குச் செம்பனையப் பத்திச் சொல்லித் தரணுமா?"

"உங்களுக்கு வேணாம்னா எனக்கு விடுங்களேன்."

"பட்டா யார் பேர்ல இருக்கு?"

அதற்கு மேல் அந்த வீட்டில் பேச்சுக்கு இடமில்லை.

இந்தோனேசியாவின் ரியாவ் மாகாணத்து அந்தக் குடியேற்றக் கிராமத்தில் எல்லாப் பட்டாவும் ஆண்கள் பெயரில்தான். காசிரான் தோட்டத்துக்குள் கால் வைப்பது குலை ஏற்ற லாரி வரும் நாளில் மட்டும். மற்ற நாட்களில் காபிக் கடையில் டோமினோ. நீண்ட கழியில் கட்டிய அரிவாளால் குலை வெட்டுவதும், மட்டை கழிப்பதும், உரம் வீசுவதும், குனிந்து குனிந்து உதிரிப் பழம் பொறுக்குவதும் சுமியாத்தி. ஆனாலும் அவளை விவசாயி என்று ஒருவரும் சொன்னதில்லை. 'புருஷனுக்கு ஒத்தாசையா இருக்கா' என்பார்கள்.

பயிற்சி நாளன்று சங்கத் தலைவர் தர்மோ பெண்களைச் சமையலுக்கு அழைத்திருந்தார். சுமியாத்தி சங்கக் கட்டடத்தின் பலகைச் சுவருக்குப் பின்னால் நின்று, சோயாவில் செய்த தெம்பே வறுத்தாள். எண்ணெய்ச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. நோய் மரத்தைச் சாய்க்க வேண்டும். சுற்றிலும் பள்ளம் வெட்ட வேண்டும். வேர் அடுத்த மரத்தைத் தொடக் கூடாது. வாணலியை அவள் இரண்டு முறை இறக்கி வைத்தாள்.

"அக்கா, கருகுது!" என்றாள் பக்கத்துத் தோட்டத்துப் பாயினெம்.

"கருகட்டும். நீ கொஞ்சம் சும்மா இரு."

மாலையில் செய்து காட்ட எல்லோரும் காசிரானின் தோட்டத்துக்கே போனார்கள். சங்கத்துக்கு அதுதான் கிட்டே. தண்ணீர்க் குடத்தோடு சுமியாத்தியும் பின்னால் போனாள்.

"நோய் வந்த மரத்தை நீங்களே காட்டுங்கண்ணே" என்றான் பயிற்சியாளன் ஹெந்திரா.

காசிரான் இடமும் வலமும் பார்த்தான். மஞ்சளடித்திருந்த ஒரு மரத்தைக் கை காட்டினான். மரம் அறுக்கும் மெஷின் உறுமியது.

"ஐயோ, அது இல்ல!" சுமியாத்தி குடத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். "அது பசி மஞ்சளுங்க. உரம் போட்டாத் தேறிரும். சீக்கு இந்தப் பக்கத்து மரத்துக்குத்தான். நடுக்குருத்து மூணு விரியாம நிக்குது பாருங்க. அடியில தட்டுங்க, பொக்குன்னு கேக்கும்."

ஹெந்திரா தட்டிப் பார்த்தான். நிமிர்ந்தவன் முகத்தில் வியப்பு. "நீங்க யாரும்மா?"

"நம்ம காசிரான் பொண்டாட்டி. தண்ணி குடுக்க வந்தா" என்று தர்மோ முந்திக்கொண்டார்.

பின்னாலிருந்து ஒரு குரல்: "காசிரான், தோட்டத்துக்கு வழியாச்சும் தெரியுமா, இல்ல அதையும் அவதான் காட்டணுமா?" சிரிப்பு எழுந்து அடங்கியது.

ஹெந்திரா நல்லவன்தான். தனியே வந்து தயக்கத்தோடு சொன்னான்: "மன்னிச்சுக்கங்கம்மா. படிவத்துல பட்டாக்காரர் பேருக்குத்தான் இடமிருக்கு. பெண்கள் மேம்பாட்டுக்குன்னு தனிப் பயிற்சி வருது. அதுக்கு உங்க பேரைப் போடவா? வாழைக்காய் சிப்ஸ் போடச் சொல்லித் தருவாங்க."

"அது எனக்குத் தெரியும் தம்பி" என்றபடி உடைந்த குடத்தின் சில்லுகளைப் பொறுக்கினாள்.

காசிரான் நான்கு நாள் அவளிடம் பேசவில்லை. ஐந்தாம் நாள் ஒரே வாக்கியம் வந்தது: "ஊரு முன்னாடி என் மானத்த வாங்கிட்டல்ல."

அந்த மானத்தைப் படிவம் மீட்டுக் கொடுத்தது. நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிந்த விவசாயி என்று காசிரான் பெயர் அதில் ஏறியிருந்தது. மேடான் நகரில் நடக்கும் விவசாயிகள் கூட்டத்தில் பேச அழைப்பு வந்தது. புது பாத்திக் சட்டையைச் சுமியாத்திதான் தேய்த்துக் கொடுத்தாள். பஸ் ஏறும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"பள்ளத்த நீயே வெட்டிருவியா?"

"வேற யாரு இருக்கா?"

மூன்றாம் நாள் முற்பகல் அவள் தொடையளவு பள்ளத்தில் நின்று வேரை வெட்டிக்கொண்டிருந்தாள். மேலே பாயினெமும் இன்னும் இரண்டு பெண்களும். தங்கள் மரங்களையும் வந்து பார்க்கச் சொல்லி அழைக்க வந்தவர்கள். போன் அடித்தது.

"ஏய், சீக்கிரம் சொல்லு. பள்ளம் எத்தன அடி ஆழம்? கேள்வி கேட்டுட்டாங்க. கக்கூஸ் போறேன்னு வெளிய வந்து நிக்கிறேன்."

சுமியாத்தி கையிலிருந்த மண்ணைப் பாவாடையில் துடைத்தாள்.

"உள்ள போங்க. போன மைக்குக்கிட்ட வைங்க. நானே சொல்றேன்."

"வெளையாடாத சுமி. ஆழத்த மட்டும் சொல்லு."

"வெட்டுனது நானு. எம் பேரச் சொல்லிட்டு மைக்குக்கிட்ட வைங்க, சொல்றேன்."

மறுமுனையில் எங்கோ கைதட்டல். காசிரான் போனை வைத்துவிட்டான். மறுபடி அடிக்குமா என்று சற்றுநேரம் போனைப் பார்த்தபடியே நின்றாள். அடிக்கவில்லை.

"என்னக்கா?" என்றாள் பாயினெம்.

"ஒண்ணுமில்ல. ரெண்டரை அடி. ஒரு வேரு கூட அந்தப் பக்கம் தாண்டியிருக்கக் கூடாது." மண்வெட்டியை மேலே நீட்டினாள். "எறங்கு. பாத்தா வராது, வெட்டுனாத்தான் வரும்."

பாயினெம் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள்.