வட்டத்துக்குள் சொன்னது

பேய்க்கதை எழுதுகிறவர்களுக்கு எங்களைப் போன்றவர்கள் என்றால் கொள்ளை இஷ்டம். அவர்கள் கதையில் வரும் சூனியக்காரிக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகாது. கூந்தல் இடுப்புவரை தொங்கும். விரலை நீட்டினால் நீல வெளிச்சம் பாயும். எனக்கு ஐம்பத்தெட்டு வயது, இரண்டு முழங்காலிலும் வலி. இருபத்தாறு வருடமாகப் பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறேன், இன்றுவரை என் விரலிலிருந்து ஒரு தீப்பொறிகூட வந்ததில்லை. நாங்கள் மழையில் நின்றுகொண்டு ஒன்றைக் கேட்போம். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைத்தாலும் அது நாம் கேட்டதால்தான் கிடைத்ததா என்று கடைசிவரை தெரியாது. இதை வைத்து ஒருத்தி நாவல் எழுதினால் யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

ஹெஸ்டர் எழுதினாள். அமோகமாக விற்கிறது.

ஹெஸ்டர் ட்ரெவாஸ்கிஸ் எங்கள் வட்டத்துக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. வட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, இங்கிலாந்தில், கார்ன்வாலின் இந்த மூலையில் பழைய நெறியைப் பின்பற்றும் ஆறு பேர். தலைவி பெரிலுக்கு எழுபத்தேழு வயது. அவளால் இருட்டில் கார் ஓட்ட முடியாது என்பதால் எங்கள் பூசைகள் எல்லாம் மாலை நான்கு மணிக்கே முடிந்துவிடும். இதையெல்லாம் எந்த நாவலிலும் எழுத மாட்டார்கள்.

முதல் நாளே ஹெஸ்டர் மறைக்காமல் சொன்னாள். "ஆவி, மந்திரம்னு ஏழு புக் எழுதிட்டேன். எல்லாம் நெட்ல பாத்து எழுதினது. படிக்கிறவங்களுக்குத் தெரியலைன்னாலும் எனக்கே வெக்கமா இருக்கு. நிஜமா கும்பிடுறவங்களோட இருந்து பாக்கணும்." எங்கள் வழக்கப்படி ஒரு வருடமும் ஒரு நாளும் அவளைக் காத்திருக்க வைத்தோம். அவள் காத்திருந்தாள். குங்குமப்பூ பன் சுட்டு எடுத்து வந்தாள், சாப்பிட்ட தட்டுகளை அவளே கழுவி வைத்தாள். என் வீட்டுக்காரர் ஜாகோவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தபோது, பதினான்கு தடவை எங்களை ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப்போனவள் அவள்தான். அந்த நன்றியை நான் மறக்கவில்லை, அதனால்தான் இப்போது இவ்வளவு வயிறெரிகிறது.

எங்கள் ஊருக்கு வெளியே, சதுப்பைத் தாண்டி, புனிதக் கிணறு ஒன்று இருக்கிறது. அதன்மேல் கவிந்து நிற்கும் முள்மரத்தின் கிளையெல்லாம் துணிக் கிழிசல்கள். நோயாளி உடுத்திய துணியில், துவைக்காமல், ஒரு பட்டை கிழித்து, கிணற்று நீரில் நனைத்துக் கட்ட வேண்டும். துணி மக்க மக்க நோயும் மக்கும். பருத்தி கட்டலாம், கம்பளி கட்டலாம். மக்காத துணியைக் கட்டக்கூடாது. சுற்றுலா வருகிறவர்கள் நைலான் ரிப்பனைக் கட்டிவிட்டுப் போனால் பெரிலுக்குக் கோபம் வரும். ஆனாலும் அதைத் தொட மாட்டாள். கட்டியதை அவிழ்க்கிறவர் மேல் அந்த நோய் ஏறிக்கொள்ளும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். கிணற்றைச் சுற்றிக் குப்பை பொறுக்க வரும் சர்ச் ஆட்கள்கூடக் கிளையில் கை வைப்பதில்லை.

மே மாதம் முதல் தேதி ஜாகோவுக்காகக் கட்டப் போனேன். எனக்குக் கவலை வந்தால் துணி துவைப்பேன், அது என் சுபாவம். அந்த வாரம் வீட்டிலிருந்த அவருடைய எல்லாத் துணியையும் துவைத்துத் தீர்த்திருந்தேன். துவைக்காமல் மிஞ்சியது கதவுக்குப் பின்னால் தொங்கிய பஸ் டிரைவர் சட்டை ஒன்றுதான். நீலச் சட்டை, பையில் பேனா மைக் கறை, காலரில் அவர் வியர்வை. கையால் கிழித்துப் பார்த்தேன், கிழியவில்லை. கத்தரியால் வெட்டினேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் வேலை பார்ப்பது தர்மக்கடையில். மூட்டை மூட்டையாகத் தானமாக வரும் பழைய துணிகளை, லேபிளைப் பார்த்து, பருத்தி வேறு பாலியெஸ்டர் வேறு என்று பிரிப்பதுதான் என் பிழைப்பு. அன்றைக்கு நான் லேபிளைப் பார்க்கவில்லை. சட்டையை முகர்ந்துதான் பார்த்தேன்.

ஜூலையில் போய்ப் பார்த்தபோது மற்றவர்களின் துணிகள் வெளுத்து நைந்திருந்தன. எங்களுடையது மட்டும் புத்தம்புதிதாகத் தொங்கியது. வீட்டுக்கு ஓடிவந்து, மீதியிருந்த சட்டையின் லேபிளைப் பார்த்தேன். பாலியெஸ்டர் அறுபத்தைந்து சதவீதம். ஆகஸ்ட் கடைசியில் ஜாகோ போய்விட்டார்.

இறந்தவர்களுக்காக ஆப்பிள் வைத்துக் கும்பிடும் அல்லன் திருநாள் அக்டோபர் முடிவில் வரும். அன்று எங்கள் ஆறு பேர் மணிக்கட்டையும் ஒரே சிவப்புக் கயிற்றால் சுற்றிக் கட்டுவோம். கயிறு இருக்கும்வரை யாரும் எதையும் சொல்லலாம், அழலாம். அவிழ்க்கும்போது ஒவ்வொருவராக, "கேட்டது இங்கேயே கிடக்கட்டும்" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அது சொன்னவருக்கும் சொந்தமில்லை, வட்டத்துக்குச் சொந்தம். அந்த வருடம் என் முறை வந்தபோது, சட்டையைப் பற்றி நான் சொன்னேன். யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னேன். ஹெஸ்டர் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தாள், அவள் கையும் என் கையும் ஒரே முடிச்சில் இருந்தன. கன்னத்தில் கண்ணீர் வழிய, "கேட்டது இங்கேயே கிடக்கட்டும்" என்றாள்.

ஒரு வருடம் கழிந்து, போன ஜனவரியில் அவளுடைய எட்டாவது நாவல் வந்தது. அட்டையில் நிலா, கிணறு, இடுப்புவரை கூந்தல். முதல் பக்கத்தில், 'பெயர் சொல்ல முடியாத என் வட்டத்துத் தோழிகளுக்கு' என்று அச்சடித்திருந்தாள். பெருமையாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். கிணற்றடியில் ஒரு சூனியக்காரி. அவள் புருஷன் பஸ் டிரைவர், சீக்காளி. நோய் தீரக் கட்டுவதாக ஊருக்குக் காட்டிக்கொண்டு, மக்காத துணி என்று தெரிந்தே அவன் நீலச் சட்டையை வெட்டிக் கட்டுகிறாள். அவன் செத்து ஒழிய வேண்டும் என்பதற்காக. சட்டைப் பையில் மைக் கறைகூட இருந்தது. அதற்குமேல் என்னால் படிக்க முடியவில்லை. புத்தகத்தைக் கொண்டுபோய் எங்கள் கடையில், எதை எடுத்தாலும் ஒரு பவுண்டு என்று வைத்திருக்கும் பெட்டியில் போட்டேன்.

ஹெஸ்டருக்குப் போன் செய்தேன்.

"லொவெனா, அது கதைடி!" என்றாள். "அவ பேரு வேற, ஊரு வேற. அவளுக்கு மந்திரம் பலிக்குது, உனக்கு என்னைக்குப் பலிச்சிருக்கு?"

"சட்டை என் புருஷனோடது."

"நீலச் சட்டை எல்லார் வீட்லயும்தான் இருக்கு."

"மைக் கறையுமா?"

"எழுதறப்போ எது எங்கேருந்து வருதுன்னு எனக்கே தெரியறதில்லடி. நீ இதை அன்போட எடுத்துக்கணும்" என்றாள். நான் போனை வைத்துவிட்டேன். பொய் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன், அன்பாம்.

அத்தோடு போயிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். என் மகள் கெரென்சா பிளிமத்தில் நர்ஸ். அவள் வார்டு ஓய்வறையில் யாரோ விட்டுப்போன அந்தப் புத்தகத்தை இரண்டே ஷிப்டில் படித்து முடித்துவிட்டாள். போனில் அவள் குரலே எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"அம்மா, ஹெஸ்டர் ஆன்ட்டிக்கு இது எப்படித் தெரியும்? நீ அந்தக் கயிறு கட்டற அன்னிக்குச் சொன்னியா?"

"சொன்னேன். ஆனா இப்படிச் சொல்லலை."

"பின்ன எப்படிச் சொன்னே?"

கயிற்றின் மேல் சொன்னதை வெளியே சொல்லக்கூடாது. வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "அது வேற மாதிரி" என்றேன்.

"நாள் பூரா துணி பிரிக்கிறவம்மா நீ. உனக்கா பாலியெஸ்டர் தெரியாது?"

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு மதியம், பெரில் வீட்டுச் சமையலறையில் நாங்கள் கூடியிருந்தோம். பெரில், ஓய்வுபெற்ற தபால்காரர் டென்ஸில், நான், ஹெஸ்டர். மற்ற இருவருக்கும் சளிக்காய்ச்சல். ஹெஸ்டர் வருவாள் என்று நான் நினைக்கவில்லை. வழக்கம்போல பன் கொண்டுவந்திருந்தாள். பேச்சு தொடங்குவதற்குள் கெரென்சா கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள், உட்காரவில்லை.

"எனக்கு உங்க மந்திரத்தைப் பத்தி ஒண்ணும் இல்ல," என்றாள். "எங்கப்பாவைக் கொன்னது கணையத்துல இருந்த கட்டி. ஸ்கேன் நானே பாத்தேன். அந்தத் துணி ஒரு மண்ணும் பண்ணலை. எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். அம்மா தெரிஞ்சே கட்டினேன்னு உங்ககிட்ட சொன்னாளா?"

டென்ஸில் தட்டிலிருந்த கறி அடைத்த பேஸ்டியை உற்றுப் பார்த்தார்.

"கண்ணு," என்றாள் பெரில், "கயிறு கையில இருக்கறப்போ சொன்னதை வெளிய எடுக்க முடியாதும்மா. நாப்பது வருசமா நான் எடுத்ததில்ல."

"வாயைத் திறக்க வேண்டாம். இல்லைன்னா இல்லைன்னு தலையை ஆட்டுங்க, போதும்."

"தலையை ஆட்டறதும் சொல்றதுதானே கண்ணு."

'இல்லை' என்று ஒரு தலையசைப்பு. அதற்குமேல் நான் யாரிடமும் எதையும் கேட்டிருக்க மாட்டேன். பெரிலின் முகத்தையே பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. இருபத்தாறு வருடம் அவளோடு மழையில் நின்றிருக்கிறேன்.

கெரென்சா ஹெஸ்டர் பக்கம் திரும்பினாள். "நீங்கதான் எல்லாத்தையும் முன்னூறு பக்கத்துல கொட்டிட்டீங்களே. நீங்க சொல்லலாமே?"

"நான் எழுதினது கற்பனை, கெரென்சா," என்றாள் ஹெஸ்டர், மெதுவாக, நெஞ்சில் கையை வைத்து. "உங்கம்மா நிஜமா சொன்னதை நான் எந்த மனுசர்கிட்டயும் சொன்னதில்ல. இனியும் சொல்ல மாட்டேன். சத்தியம் பண்ணியிருக்கேன்."

இதைக் கேட்டுப் பெரில் தலையை ஆட்டினாள். நல்ல பிள்ளை என்கிற மாதிரி. எனக்காக ஆட்டாத தலை, ஹெஸ்டருக்காக ஆடியது. டீ கெட்டிலைத் தூக்கி யார்மேல் எறிவது என்றுதான் எனக்குப் புரியவில்லை. திருடியவளும் சத்தியம் என்கிறாள், திருடாதவளும் சத்தியம் என்கிறாள். நடுவில் என் பிள்ளை நின்றுகொண்டிருக்கிறாள்.

"நானே சொல்றேன்," என்றேன்.

"லொவெனா," என்றாள் பெரில், "சொன்னேன்னா நீ மறுபடி வட்டத்துல வந்து நிக்க முடியாது. உனக்கே தெரியும்."

"தெரியும்."

அந்த மழையும் ஆப்பிளும் சிவப்புக் கயிறும்தான் ஜாகோ போன பிறகு எனக்கென்று மிஞ்சியிருந்தவை. போகட்டும் என்று விட்டேன். மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் விடுவித்துக்கொள்ளவில்லை.

"கட்டறப்போ எனக்குத் தெரியாதுடி, சத்தியமா. ஜூலைலதான் பாத்தேன். மக்காம இருந்துச்சு. அவிழ்த்துட்டு வேற துணி கட்டணும்னு கையை வெச்சேன். அவிழ்த்தா அது என்மேல வந்துரும்னு பயந்தேன். உங்கப்பா அங்க படுத்துக் கிடக்காரு, நான் என் உசுரைப் பாத்துக்கிட்டேன். கையை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். இதைத்தான் சொன்னேன். இவ்வளவுதான்."

ஒன்றரை வருடமாக என்னை அரித்துக்கொண்டிருந்தது அதுதான். அது அசிங்கம், ஆனால் கொலை இல்லை. என் மகளுக்கு அந்த வித்தியாசம் புரியும் என்று நம்பினேன். வார்டில் தினமும் சாவைப் பார்க்கிறவள், பயம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாதா?

கெரென்சா என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கையை விட்டுவிட்டு, பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தாள்.

"நீ இதை முழுசாப் படிக்கலையா?"

"பாதியில வெச்சுட்டேன்."

"இருபத்தேழாம் அத்தியாயம்," என்றாள். பக்கத்தைத் தேடிப் பிரித்து மேசைமேல் வைத்தாள். "பொண்ணு வந்து கேக்கறா. அந்தம்மா அவ கையைப் பிடிச்சுக்கிட்டு இதையேதான் சொல்றா. அவிழ்த்தா என்மேல வந்துரும்னு பயந்தேன். நான் என் உசுரைப் பாத்துக்கிட்டேன். வார்த்தைக்கு வார்த்தை. பொண்ணு அழுதுக்கிட்டே நம்பிடறா. அடுத்த அத்தியாயத்துலதான் அவ சொன்னது பொய்னு நமக்குத் தெரியுது."

அச்சில் இருந்தது. அன்று கயிற்றின் மேல் நான் அழுதுகொண்டே சொன்னது, அரைப்புள்ளிகூட மாறாமல், மேற்கோள் குறிக்குள் இருந்தது. ஹெஸ்டர் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அம்மா," என்றாள் கெரென்சா. எப்படியாவது என்னை நம்பிவிட அவள் தவித்தது எனக்குத் தெரிந்தது. "அவங்க எழுதினதைச் சொல்லாதம்மா. உன் வார்த்தையில சொல்லு. நான் நம்பறேன்."

"அதுதாண்டி என் வார்த்தை," என்றேன்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டாள்.