மூச்சு வாங்கும் இடங்கள்

சரிவு என்பது நிலத்தின் ஒழுக்கக்கேடு. அதைத் திருத்துவது கட்டடக்கலை மாணவனின் கடமை; எங்கள் வகுப்பில் அதற்குத் தகுதியானவன் நான் ஒருவனே.

இறுதியாண்டுக்கு எங்களுக்குக் கிடைத்தது, மூடிப் பதினைந்து வருடமான சாயத் தொழிற்சாலை நின்ற மேட்டுச் சரிவு. கடைகளும் வீடுகளும் கலந்த குடியிருப்பு, மண்ணையும் நீரையும் கெடுக்காமல். தேறும் ஒரே வரைபடம் நகரசபைக்குப் போகும். அது என்னுடையதாக இருக்க வேண்டும். குறிப்பாக, அதே வகுப்பில் படிக்கும் என் பெரியப்பா மகனுடையதாக இருக்கக் கூடாது. இருபத்திரண்டு நாள் முந்திப் பிறந்த ஒரே சாதனைக்காக அவனை ஆயுளுக்கும் 'அண்ணா' என்கிறேன்.

நான் கணினியில் மூன்றே நிமிடத்தில் சரிவைச் சீவித் தட்டையாக்கினேன். அண்ணன் இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறினான். மூச்சு வாங்கி நின்ற இடத்திலெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டான்.

"என்னண்ணா, படிப்பு முடியறதுக்குள்ளயே வேலை கிடைச்சிருச்சா? நம்ம வீட்டுக்கும் ரெண்டு கேன் போட்டுரு."

வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வரைபடங்களை விரித்த நாளில் பேராசிரியர் என்னுடையதைப் பார்த்தார். "அழகா இருக்கு. வெட்டின மண்ணை எங்கப்பா கொட்டுவே? முப்பது வருஷம் சாயம் குடிச்ச மண்ணு."

"லாரியில சார்."

"லாரி எங்க போகும்?"

என் லாரி தாளின் ஓரம் வரைதான் போகும்.

அண்ணன் சரிவை வெட்டவே இல்லை. அவன் பாதை வளைந்து ஏறியது. கோடு விழுந்த இடந்தோறும் ஒரு கடை, ஒரு பெஞ்சு, நாலு வீட்டு வாசல்.

"காய்கறிப் பையோட வர்றவங்க எப்படியும் இங்க நிப்பாங்க சார்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஐந்து வருடத்தில் என் தாளுக்காக அவர் ஒருமுறைகூடக் கண்ணாடியைத் துடைத்ததில்லை.

"எல்லாருக்கும் இன்னும் பத்து நாள். திருத்திக் கொண்டு வாங்க."

வீட்டில் அம்மா வேறு: "அண்ணனைப் பாத்துக் கத்துக்கடா."

"என்னத்த? கேன் தூக்கவா?"

பொறாமைக்குக் கண் கூர்மை. மூன்றாம் நாள் குறை சிக்கியது. அண்ணன் தினமும் ஆறு கிலோமீட்டர் ஓடுகிறவன். அவன் நிற்கிற இடத்தில் கடை வைத்தால், ஊரில் பாதிப் பேர் கடைக்கு வந்து சேர்வதற்குள் உட்கார்ந்துவிடுவார்கள். இதை நிரூபிக்க, இரண்டாம் மாடிக்கே இளைக்கிற ஒருவன் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை கேனோடு சரிவுக்குப் போனேன். வாட்ச்மேன் கேட்டைத் திறந்தார்.

"தண்ணி யாருக்கு தம்பி? மேல யாருமே இல்லையே?"

"தெரியும்ணே."

அண்ணனின் முதல் கோட்டுக்குப் பதினெட்டு அடி கீழேயே எனக்கு மூச்சு முட்டியது. வாட்ச்மேன் முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படித்தார். மானத்துக்காக இன்னும் நாலடி எட்டி வைத்துக் கோடு போட்டால் கேட்க ஆளில்லை.

கேனை இறக்கினேன். நின்ற இடத்திலேயே குனிந்து கோடு போட்டேன்.