மண்ணுக்குள் இறைத்த கமலை

அது நாற்பத்தொன்றாம் வருசத்துக் கோடை, கண்ணுகளா. உசிலம்பட்டிக் காட்டில் கிணறு தூர் வாரும்போது கரை சரிந்து, தவசி மார்பு வரை மண்ணுக்குள் சிக்கிக்கொண்டான். காலை உருவப் பார்த்தான். மேலிருந்து இன்னும் மண் விழுந்தது.

"மாப்ள, அசையாத," என்றான் மேலே நின்ற மச்சான் முத்திருளன். "கயிறு எடுத்துட்டு வாரேன்."

"மெதுவா வாங்க மச்சான். நான் எங்க போகப் போறேன்?"

வாய்தான் சிரித்தது. மனசு 'செத்தோம், செத்தோம்' என்று கத்தியது. அது கத்தக் கத்த, கால் தானாக உதைத்தது. மனசை அதட்டிப் பார்த்தான், கேட்கவில்லை. சரி, இதற்கு ஒரு வேலை கொடுப்போம் என்று கண்ணை மூடினான். தினமும் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கமலையை மனசுக்குள் ஓட்டினான். மூச்சை இழுக்கையில் மாடுகள் சரிவில் இறங்கின, தண்ணீர் நிறைந்த சால் மேலே வந்தது. விடுகையில் மாடுகள் பின்னால் நடந்து ஏறின, சால் கிணற்றுக்குள் போனது. பயம் போகவில்லை. ஆனால் கால் நின்றுவிட்டது.

கயிறு முகத்துக்கு எதிரே, கைக்கு எட்டாமல் வந்து ஆடியது. பாய்ந்து பிடிக்க உடம்பெல்லாம் துடித்தது. பாய்ந்தால் கரை மொத்தமும் வந்துவிடும். அவன் இன்னும் ஒரு சால் இறைத்தான். அதற்குள் கயிறு இறங்கித் தோளில் விழுந்தது.

"பிடிச்சிட்டியா மாப்ள?"

"இல்ல மச்சான். இனிமேத்தான்."