ஜனவரிப் பூட்டு

நைரோபிச் சாலையில் இருக்கிற எங்கள் சந்தை ஊரில், ஜனவரி பிறந்தாலே கடைக்காரர்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள். கவுண்டி எனப்படும் மாவட்ட நிர்வாகத்தின் சோதனை வண்டி வருகிறது என்று ஒரு குரல் கேட்டால் போதும், ஷட்டர்கள் தடதடவென்று இறங்கும். வியாபார உரிமம் டிசம்பரோடு தீர்ந்துவிடும் என்பது எல்லோர் கணக்கு. புதுப்பிக்க யாருக்கு அவசரம்? ஆளை உள்ளே வைத்து, பக்கத்துக் கடைக்காரர் வெளியே பூட்டைத் தொங்கவிட்டு, சாவியோடு கம்பி நீட்டிவிட வேண்டும். அதுதான் ஊர் வழக்கம்.

அன்றும் முடி பின்னும் முவிகாலியின் கடையைப் பூட்டிவிட்டு ஓடினான், பக்கத்துக் கடையில் போன் பழுது பார்க்கும் கியோகோ. உள்ளே பாதித் தலை பின்னியும் பாதி விரிந்தும் உட்கார்ந்திருந்தாள் சியோம்புவா. மறுநாள் காலை அவளுக்குக் கல்யாணம்.

"அக்கா, இந்தத் தலையோட போனா மாப்பிள்ளை அப்படியே திரும்பி ஓடிருவாரு."

"வாயை மூடிக்கிட்டு இரு. வண்டி போகட்டும்."

வண்டி போகவில்லை. பூட்ஸ் சத்தம் அங்கேயே சுற்றியது. கல்யாணப் பெண்ணின் தலையைக் கெடுத்தால் இந்த ஊரில் இன்னொரு தலை முவிகாலியின் கைக்கு வராது.

சியோம்புவா போன் வெளிச்சத்தைச் சுவரில் அடித்தாள். அங்கே உரிமம் தொங்கியது.

"அக்கா, இதுல வர்ற ஜூன் வரைக்கும்னு போட்டிருக்கே?"

"போன ஜூன்ல கடை திறந்தப்ப வாங்கினது. டிசம்பரோட செத்துப்போச்சு."

"அது பழைய கதைக்கா. இப்ப வாங்கின நாள்லேருந்து முழுசா ஒரு வருஷம். நல்லாப் பாரு."

முவிகாலி கிட்டப் போய்ப் படித்தாள். ஆமாம்! காசு கொடுத்து வாங்கிய அரை வருஷத்தைக் குப்பையில் போடப் பார்த்தாளே! அடுத்த நொடி ஷட்டரை இரண்டு கையாலும் அறைந்தாள்.

"சார்! கவுண்டி சார்! இங்க வாங்க!"

வெளியிலிருந்து ஒரு பெண் அதிகாரியின் குரல், "எங்களை யாரும் இப்படி வருந்திக் கூப்பிட்டதே இல்லம்மா" என்றது.

முவிகாலி உரிமத்தை ஷட்டருக்கு அடியில் தள்ளினாள்.

"சரியாத்தானே இருக்கு. அப்புறம் ஏன் பூட்டிக்கிட்டுக் கிடக்கிறே?"

"சாவி அவன்கிட்ட மேடம்... டேய் கியோகோ!"

கசாப்புக் கடைக்குப் பின்னாலிருந்து அசடு வழிய வந்து பூட்டைத் திறந்தான் கியோகோ.

"உன் உரிமம் எங்க?" என்றார் அதிகாரி.

"இவங்களோட ஒரே வரிசையில நின்னு, அதே நாள் வாங்கினது மேடம்."

"அப்ப எதுக்கு ஓடினே?"

அவன் பூட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார்.

முவிகாலி நாற்காலியை வாசலிலேயே போட்டாள். நல்ல வெயில். மனசு நிறைந்து பின்னினாள். சாயங்காலத்துக்குள் கடைசிப் பின்னலும் முடிந்தது. சியோம்புவா கண்ணாடியை விட்டு நகரவே இல்லை.

கடை சாத்தும் நேரத்தில் கியோகோ பூட்டோடு வந்து நின்றான். முவிகாலி அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"இனிமே என் கடையை நான்தான்டா பூட்டுவேன்."