இறங்காத பிடி

1958 மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் நாலு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு, லாஃபர்ட்டி ஊரின் மோல்டர்ஸ் கூடைப்பந்து அணியைச் சேர்ந்த லூதர் மாப்ரி ஒரு பந்தைப் பிடிக்க எழும்பினார், பிடித்தார், கீழே இறங்கவில்லை. அவருடைய காலணிக்கும் தரைக்கும் நடுவில் நான்கரை அடி இருந்தது. ஆட்டம் முடிய மூன்று நொடி பாக்கி. அந்த மூன்று நொடியும் ஓடி, மணியும் அடித்து ஓய்ந்தது. மூவாயிரம் பேர் கழுத்து வலிக்க நாற்பது நிமிடம் நின்று பார்த்தார்கள். பிறகு ஐந்து மணி ஷிப்டுக்கு வார்ப்பட ஆலையின் சங்கு ஊதியது. பாதிக் கூட்டம் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டது.

வளையத்தில் பட்டுத் தெறித்து வரும் பந்தைப் பிடிப்பதற்கு இந்த ஆட்டத்தில் தனிக் கணக்கு உண்டு. ரீபவுண்ட் என்று புத்தகத்தில் இருக்கும். இண்டியானாவின் அந்த மூலையில் எல்லோரும் பிடி என்றுதான் சொன்னார்கள். மத்திய மாநிலங்கள் லீகில் அதுவரை அதிகம் பிடித்தவர் கிளைட் ஆன்செல்ம். பதினைந்து ஆண்டு ஆடி 14,006 பிடிகளோடு ஓய்வு பெற்று, ஒஹாயோவில் டிராக்டர் விற்றுக்கொண்டிருந்தார். லூதர் பன்னிரண்டு ஆண்டில் அதே 14,006-ஐத் தொட்டிருந்தார். மூன்று ஊர்களில் கறுப்பர் என்று ஓட்டலில் அறை தர மறுப்பார்கள். அங்கெல்லாம் பேருந்து இருக்கையில் ஆறடி எட்டு அங்குல உடம்பை மடக்கிப் படுத்ததில் முட்டி இரண்டும் கெட்டுப்போயிருந்தன. எழும்புவதில் அவருக்கு வலி இல்லை, இறங்குவதில்தான் வலி. ஒவ்வொரு முறை தரையில் கால் படும்போதும் பல்லைக் கடிப்பார். முன்வரிசையில் இருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்கும். அன்றைய ஆட்டத்தோடு அவரை அனுப்பிவிடுவது என்று அணி முடிவு செய்திருந்தது. அந்த ஒரு பிடி எண்ணப்பட்டால் லீகின் எல்லாக் காலத்துக்கும் அவர் பெயர் முதலில் இருக்கும். எண்ணப்படாவிட்டால், ஆன்செல்மோடு சமம் என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

எண்ண வேண்டியவள் இர்மா கொவாச். வாரம் ஆறு நாள் வார்ப்பட ஆலையில் மணல் அச்சு பிடிப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டக் கணக்கு மேஜையில் உட்கார்ந்து, பிடிக்கு ஒரு கோடாகப் போடுவாள். கூலி ஒரு நாற்காலியும் வேண்டிய மட்டும் காபியும். எழுத்தை அவள் பெரியவளான பிறகுதான் கற்றாள். படிக்கும்போது வரிக்குக் கீழே விரல் ஓடும். ஆனால் கோட்டில் பிசகியதில்லை. மற்ற ஊர்களில் கணக்கு எழுதுகிறவர்கள் சொந்த ஆட்டக்காரனுக்கு இரண்டு மூன்று கோடு கூட்டிப் போடுவது வழக்கம். அதை யாரும் பெரிய தப்பாக நினைக்கவில்லை. லாஃபர்ட்டியின் புத்தகத்தை மட்டும் எல்லாப் பத்திரிகையும் அப்படியே நம்பின. இர்மாவுக்கு ஒரு விதி இருந்தது. 1946-இல் அவளுக்கு இந்த வேலையைக் கொடுத்துவிட்டுப் போன ஹாங்க் ரீட்மன் சொன்னது அது: ரெண்டு காலும் தரையில் பட்ட பிறகுதான் பிடி. அவள் அன்று பென்சிலைக் காகிதத்துக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தாள். ஏழு மணிக்குக் கை மரத்துப்போனபோது கீழே வைத்தாள்.

லூதரின் மனைவி ஒடெஸ்ஸா எட்டு மணிக்கு வந்தாள். கையில் துணி காயப்போடும் கயிறு இருந்தது. ஏணி வைத்து ஏறி அவர் இடுப்பில் முடிச்சுப் போட்டாள்.

"பந்தையாவது என்கிட்ட குடேன், லூதர்."

"குடுத்தா பிடி போயிடும், ஒடெஸ்ஸா. இன்னும் எண்ணல."

"பன்னெண்டு வருஷமா பந்தைக் கட்டிக்கிட்டு அழுத. இப்போ வீட்டுக்கும் தூக்கிட்டு வர்றியா? சரி, வா. குனிஞ்சு வா, கதவு இடிக்கும்."

அப்படியே கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெயின் தெரு வழியாக நடந்தாள். அவர் பின்னாலேயே தலைக்கு மேல் மிதந்துபோனார். மறுநாள் காலையில் இறைச்சிக் கடைக்காரர் அவருக்கு வணக்கம் சொல்ல மேலே பார்த்தார். அதற்கடுத்த வாரத்திலிருந்து ஊரே அப்படிப் பார்க்கப் பழகிவிட்டது.

லீக் அலுவலகம் பிரெவிட் என்ற அதிகாரியை அனுப்பியது. அவர் உயரத்தை அளந்தார், கயிற்றை அவிழ்த்துப் பார்த்தார், இரண்டு நாள் தங்கி ஆப்பிள் பை சாப்பிட்டார். காற்றில் இருக்கும் ஆட்டக்காரர் கடைசியாகத் தரையைத் தொட்ட இடத்தில்தான் இருப்பதாகக் கொள்ள வேண்டும் என்பது விதி. ஆகவே லூதர் மாப்ரி வீட்டில் தூங்கினாலும், தேவாலயத்தில் பாடினாலும், விதிப்படி லாஃபர்ட்டி ஆடுகளத்தின் வடக்கு வளையத்துக்குக் கீழேதான் நிற்கிறார் என்று அறிக்கை எழுதினார். பிடி எது என்பதை உள்ளூர்க் கணக்காளரே தீர்மானிப்பார், அதில் லீக் தலையிடாது என்று கடைசி வரி. இர்மா கணக்குப் புத்தகத்தில் அந்த ஆட்டத்தின் பக்கத்தை மூடவில்லை, கையெழுத்தும் போடவில்லை. கையெழுத்து இல்லாமல் ஆட்டம் முடியாது. அதனால் ஆண்டுதோறும் லீக் அச்சிட்ட புத்தகத்தில் 1958-ஆம் ஆண்டுக்கு நேராக, ஒரு ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது என்று ஒன்பது தடவை வந்தது.

இர்மாவை ஊர் சும்மா விடவில்லை. மேஸ்திரி அச்சுப் பலகைக்கு மேலே குனிந்து, "ஒரு கோடும்மா. ஒரே ஒரு கோடு. பென்சில் தேஞ்சா போயிடும்?" என்பார். பாதிரியார் பாவமன்னிப்புக் கூண்டுக்குள்ளேயே கேட்டார். மளிகைக் கடையில் வரிசையில் நின்ற பெண்கள் அவள் காதுபடவே, "கல்நெஞ்சுக்காரி, அந்த மனுசனை அந்தரத்துல தொங்க விட்டுட்டா" என்றார்கள். அவள் மாவும் முட்டையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் அழுதாள். ஒரு நாள் மனம் பொறுக்காமல் மாப்ரி வீட்டுக்குப் போனாள். அவர் சமையலறைக் கூரையை ஒட்டிப் படுத்து, ஒரு கையில் பந்தை அணைத்துக்கொண்டு மறுகையால் சோள ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

"போட்டுடட்டுமா, மிஸ்டர் மாப்ரி?"

"இறங்குனதை நீ பார்த்தியா?"

"இல்ல."

"அப்புறம் எப்படிப் போடுவ? என் பிடியில பாதி உன் புத்தகத்துலதான் இருக்கு, மிசஸ் கொவாச். இதுல ஒண்ணு பொய்னு ஆச்சுன்னா, மத்த எல்லாத்தையும் அவனவன் கிண்டிக் கெளறுவான். கறுப்பனோட கணக்குன்னா இன்னும் நல்லா கெளறுவான்."

அவரும் இறங்கப் பார்த்தார். 1960-இல் பாக்கெட்டில் இரும்புத் துண்டு நிரப்பினார்கள், பாக்கெட் கிழிந்தது. 1961-இல் ஆறு ஆட்டக்காரர்கள் காலைப் பிடித்து இழுத்தார்கள். ஆறு பேரும் ஓரடி மேலே போய் வந்தார்கள், அதில் ஒருவனுக்குப் பழைய முதுகுவலி நின்றுவிட்டது. ஞாயிறுதோறும் ஒடெஸ்ஸா அவரை ஆட்டத்துக்கு அழைத்துவந்து கயிற்றைப் பெஞ்சில் கட்டினாள். மேலே இருந்து பந்து எந்தப் பக்கம் தெறிக்கும் என்று அவர் கத்துவார். வெளியூர் அணிகள் புகார் செய்தன. அவர் விதிப்படி வளையத்துக்குக் கீழே ஆடிக்கொண்டிருக்கும் ஆட்டக்காரர் என்பதால் கத்த உரிமை உண்டு என்று பிரெவிட் பதில் எழுதினார். மோல்டர்ஸ் இரண்டு முறை கோப்பை வென்றது. கண்காட்சியும் மல்யுத்தமும் பள்ளிப் பட்டமளிப்பும் அதே அரங்கில் நடந்தன. லூதரின் தலை நரைத்தது. ஒரு நாள்கூட முட்டி வலிக்கவில்லை. பந்து மட்டும் கனத்துக்கொண்டே போனது, தோள்கள் இறங்கின. இரண்டு கையையும் நீட்டி மனைவியைத் தொட்டு ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

1967 அக்டோபரில், அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு முன்னால், கிளைட் ஆன்செல்ம் கைத்தடி ஊன்றி அரங்குக்குள் வந்தார். நீள மனிதர், காது சரியாகக் கேட்காது, அதனால் எதையும் உரக்கத்தான் பேசுவார். லூதருக்குக் கீழே நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"மேல முட்டி வலிக்குதா?"

"வலிக்கல, மிஸ்டர் ஆன்செல்ம்."

"குடுத்து வச்ச ஆளுய்யா நீ. நான் காலைல செருப்பு போடவே அரைமணி ஆகுது." பிறகு கணக்கு மேஜைப் பக்கம் திரும்பினார். "எதுக்கும்மா இன்னும் எழுதல? கையிலதானே வச்சிருக்கான்?"

இர்மா ஹாங்க் ரீட்மனின் விதியைச் சொன்னாள். ஆன்செல்ம் இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"ஹாங்க்கா? நான் இந்த ஊருக்கு ரெண்டு வருஷம் ஆடியிருக்கேன்மா, போருக்கு முன்னாடி. அந்த ஆளுக்கு மூணு முழத்துக்கு அப்பால மாடு நின்னாலும் தெரியாது. கண்ணாடி போட வெக்கம். கூட்டத்துல எவன் பிடிச்சான்னு தெரியாம, எல்லாரும் கீழ இறங்கட்டும்னு உக்காந்திருப்பான். எவன் பந்தோட மேஜையத் தாண்டி ஓடுறானோ அவன் முதுகுல இருக்கிற நம்பரை வாசிச்சிட்டுக் கோடு போடுவான். அது விதி இல்லம்மா. அது அவனோட கண்ணு."

இர்மா பையிலிருந்து லீகின் விதிப்புத்தகத்தை எடுத்தாள். மெலிந்த புத்தகம், நாற்பத்தொரு பக்கம். முதல் பக்கத்திலிருந்து விரலை ஓட்டிப் படித்தாள். இரண்டு அணிகளும் நடுவர்களும் அவள் முடிக்கும்வரை நின்றார்கள். கால் என்ற சொல் பதினோரு இடத்தில் இருந்தது. பிடிக்கு அருகில் ஓரிடத்திலும் இல்லை. அவள் புத்தகத்தை மூடினாள். இருபத்தோரு வருடமாக இன்னொருவரின் மங்கிய கண்ணால் பார்த்துவந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. தன் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெரிய கைகள் பந்தின் மேல் மூடியதை, முதுகில் 22 என்ற எண்ணை, தையல் பிரிந்த அதன் ஓரத்தை, எல்லாவற்றையும் அவள் தெளிவாகப் பார்த்திருந்தாள்.

"நீங்க சொன்னதால உங்க பேரு ரெண்டாவதா போயிடுமே, மிஸ்டர் ஆன்செல்ம்."

"பன்னெண்டு வருஷம் மொதல்ல இருந்தாச்சு. டிராக்டர் ஒண்ணுகூட அதனால அதிகமா விக்கல. போடும்மா."

இர்மா கோடு போட்டாள். கூட்டி, 14,007 என்று எழுதினாள். கீழே கையெழுத்திட்டாள். அத்துடன் 1958-ஆம் ஆண்டின் கடைசி ஆட்டம் முடிந்தது. 81-க்கு 87 என்று தோற்றுப்போனதை ஊர் அன்றுதான் முறைப்படி தெரிந்துகொண்டது. சிலர் வருத்தப்பட்டார்கள்.

லூதர் விழுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். மல்யுத்த மெத்தை நான்கை இழுத்துப் போட்டு, எட்டுப் பேர் கை கோத்து நின்றார்கள். அவர் பந்தை விட்டார். அது மெத்தையில் பட்டு இரண்டு முறை எகிறி, உருண்டு நின்றது. லூதர் இருந்த இடத்திலேயே இருந்தார். கை கோத்தவர்கள் இன்னும் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு, ஆட்டத்துக்கு நேரமாகிறது என்று மெத்தைகளைச் சுருட்டி எடுத்துப் போனார்கள். ஒடெஸ்ஸா ஏணியில் ஏறினாள். அவர் இரண்டு கையாலும் அவளை வாரி அணைத்துக்கொண்டார். அவள் காலும் ஏணியை விட்டு அரை அடி எழும்பியது. "போதும் லூதர், ஜனங்க பாக்குது" என்றாள், ஆனால் இறங்க அவசரப்படவில்லை.

அந்த வாரமே அவள் கடைக்குப் போய் வெளிர் மஞ்சள் பெயின்ட் வாங்கிவந்தாள். சமையலறைக் கூரை முழுவதும் அவரே இரண்டு பூச்சு பூசினார். நன்றாக வந்ததால் பக்கத்து வீட்டிலும் கேட்டிருந்தார்கள். வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்.