உறுதுணை விருது

மாதம் ஒரு தடவை சிதம்பரத்தில் பஸ் ஏறி, கடலூர் செம்மண்டலத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போய், முன்பின் தெரியாத பெண்களிடம் பல் தெரியச் சிரித்து, கார்டைக் கொடுத்துவிட்டு வருவேன். மகளிர் தொழில்முனைவோர் வட்டம் என்று பெயர். தலைவி பிரியம்வதா மேடம் எல்லாக் கூட்டத்திலும் ஒன்றையே சொல்வார். "பழக்கம்தாங்க முதல். பழகுனா ஆர்டர் தானா வரும்." நானும் ஒரு வருஷம் விடாமல் பழகினேன். ஒரு ஆர்டரும் வரவில்லை.

நான் செய்வது முந்திரி கேக். கையில் ஒட்டாது, வாயில் போட்டால் கரையும். என் கைப்பக்குவத்தை நானே சொல்லக்கூடாதுதான். சொல்ல வேறு ஆள் இல்லாததால் சொல்கிறேன். கூட்டத்துக்குக் கொண்டுபோகும் டப்பா காலியாகத்தான் திரும்பும். சாப்பிட்டவர்கள் கார்டு வாங்கிக் கைப்பையில் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். அதோடு சரி.

கார்டில் இருந்தது என் வீட்டுக்காரர் சபேஷின் நம்பர். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. எங்கள் பக்கம் கேஸ் சிலிண்டர் போடுகிறவரிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் வீட்டு ஆம்பளை நம்பரைத்தான் கொடுப்போம். கார்டு அடிக்கக் கொடுத்த அன்று அவர் சொன்னார்: "பொம்பள நம்பரப் போட்டா கண்டவனும் குட் மார்னிங் அனுப்புவான். ஃபோன் வந்தா நான் சொல்றேன், நீ பேசிக்க." எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கூட்டத்துக்குப் போவதை அவர் ஒருநாளும் தடுத்ததில்லை. கீழவீதியில் எதிர்ப்படுகிறவர்களிடம் எல்லாம், "நம்ம வீட்ல கடலூர் மீட்டிங் போயிருக்காங்க, நான்தான் அனுப்பிச்சேன்" என்பார். கேட்கிறவர்கள், இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷனா என்று பார்ப்பார்கள். எனக்கும் பெருமையாக இருக்கும். அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஆண்டு விழாவுக்கு முந்தின வாரம் சாப்பிடும்போது சொன்னார். "ஒரு வருஷம் பாத்தாச்சு தாட்சாயிணி. ஒரு ஆளு கூப்புடல. அந்தப் பெரிய அடுப்பும் வாணலியும் சும்மா எடத்த அடச்சிகினு கெடக்குது. புவனகிரில ஒருத்தரு கேக்கறாரு. ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்குவாரு."

என் வளையலை விற்று வாங்கிய அடுப்பு அது. கொடுக்க மனசே இல்லை. ஆனால் எதைச் சொல்லி வேண்டாம் என்பது? சரி என்றேன். அவர் செல்போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரசம் ஊற்றச் சொன்னார்.

ஆண்டு விழா வெள்ளிக்கிழமை. அன்றைக்கு அவரும் இஸ்திரி போட்ட சட்டையோடு வண்டியை எடுத்தார். மனைவிக்கு ஒத்துழைக்கும் கணவர்களுக்கு இந்த வருஷம் உறுதுணை விருது என்று மேடம் அறிவித்திருந்தார். முதல் விருதே இவருக்கு.

மண்டபத்தில் என் பக்கத்தில் திருவதிகை சௌந்தரம் உட்கார்ந்திருந்தாள். முந்திரிக்கொட்டை உடைத்துப் பருப்பு விற்கிறவள். கூட்டத்தில் பார்த்துப் பழக்கம். "நல்ல முழுப் பருப்பா எடுத்து வச்சிருக்கேன்க்கா, கேக்கத்தான் ஆளில்ல. எவ்வளவு கார்டு குடுத்துட்டேன், ஒரு ஃபோனு வரணுமே" என்றாள். நமக்கு ஜாதகம் சரியில்லை என்று இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம். அவளுடைய கார்டு என் பையில்தான் இருந்தது.

டீ கொடுத்த நேரத்தில் ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். பரங்கிப்பேட்டை ரூமானா. கல்யாண வீடுகளுக்குப் பலகார டப்பா போட்டுக் கொடுப்பவள். போன வருஷம் ஒரே ஒரு கூட்டத்துக்கு வந்தாள். அப்புறம் கைக்குழந்தை என்று வரவில்லை.

"அக்கா, மறுபடி ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றாள்.

"எதம்மா?"

"முந்திரி கேக்கு. விட்டுட்டீங்கன்னு சொன்னாங்களே."

"யாரு சொன்னது?"

"உங்க வூட்டுக்காரருதான். என் தங்கச்சி நிக்காஹுக்கு ஃபோன் அடிச்சேன். 'அவுங்க இப்ப அதெல்லாம் செய்யறதில்லைங்க'ன்னாங்க. பெருநாளைக்கும் அடிச்சேன், அதையேதான் சொன்னாங்க. உடம்புக்கு என்னமோன்னு நெனச்சி அல்லாகிட்ட துஆ கூட கேட்டேன்க்கா. ஆர்டர வேற ஆளுக்குக் குடுத்துட்டேன்."

டீ டம்ளரைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. ஒரு வருஷம். எத்தனை பேர் கூப்பிட்டார்களோ. என் கைப்பக்குவத்தையே சந்தேகப்பட்டு, சர்க்கரையைக் குறைத்து, நெய்யைக் கூட்டி, எத்தனை தடவை கிளறிப் பார்த்திருப்பேன். அவர் முன்வரிசையில் உட்கார்ந்து, தலைவியின் வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார்.

"அடுத்த வாரம் ஒரு கல்யாணம் இருக்குக்கா, டப்பாவுக்கு கேக்கு வேணும். செய்வீங்களா?" என்றாள் ரூமானா. செய்வேன் என்று சொல்லி, அவளுடைய செல்போனை வாங்கி என் நம்பரை நானே அழுத்திக் கொடுத்தேன்.

அதற்குள் மேடையில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். பொன்னாடையை என் கையில் கொடுத்து அவருக்குப் போடச் சொன்னார்கள். போட்டேன். மேடம் மைக்கை நீட்டினார். "உங்க சார பத்தி ரெண்டு வார்த்த."

"ஒரு வருஷமா எனக்கு வந்த ஃபோனையெல்லாம் இவருதாங்க எடுத்தாரு" என்றேன். கை தட்டினார்கள். "எடுத்து, நான் தொழில விட்டுட்டேன்னு சொல்லியிருக்காரு." மண்டபம் சிரித்தது. வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். நான் என் நம்பரைச் சொன்னேன். எழுதிக்கொள்ளச் சொல்லி இன்னொரு தடவையும் சொன்னேன். சிரிப்பு மெல்ல அடங்கியது. மேடம் மைக்கை வாங்கிக்கொண்டு, "குடும்பம்னா இதெல்லாம் சகஜம்தான்" என்று அடுத்த பெயரை வாசித்தார்.

வண்டி நிறுத்திய இடத்தில் அவர் நின்றார். தோளில் பொன்னாடை அப்படியே இருந்தது.

"நாலு பேரு முன்னாடி மானத்த வாங்கிட்ட இல்ல."

"ஏங்க அப்படி சொன்னீங்க?"

"மீட்டிங் போவணும்னு ஆசப்பட்ட, அனுப்பிச்சனா இல்லயா? ஒரு நாளாவது போவாதன்னு சொல்லியிருப்பனா? ஆர்டர் எடுத்தா நாள் பூரா அடுப்புலயே நிப்ப. வீடு என்னத்துக்கு ஆவும்?"

அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் ஜாஸ்தி. தான் தப்பு செய்ததாக அவருக்குத் தோன்றவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

"ஞாயித்துக்கெழம அடுப்ப யாரும் எடுக்க வர வேணாம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஷேர் ஆட்டோ ஏறினேன்.

சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆலப்பாக்கம் தாண்டும் வரைக்கும் அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ரூமானாவின் ஆர்டரைப் பற்றி யோசித்தேன். பருப்பு வேண்டும். சௌந்தரத்தின் ஞாபகம் வந்தது. இன்றைக்காவது அவளுக்கு ஒரு ஃபோன் போகட்டும் என்று கார்டைத் தேடி எடுத்து நம்பரைப் போட்டேன்.

ஒரு ஆம்பளைக் குரல் எடுத்தது.

"சௌந்தரம் இருக்காங்களா? முந்திரிப் பருப்பு வேணும்."

"அவுங்களா?" என்றது அந்தக் குரல், நல்ல மரியாதையாக. "அவுங்க இப்ப அதெல்லாம் விக்கறதில்லைங்க."

காலையில் சௌந்தரம் சிரித்துக்கொண்டே சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அடுத்த வருஷத்து உறுதுணை விருதுக்கு மேடம் இப்போதே எழுதிக்கொண்டது அவள் வீட்டுக்காரர் பெயரையாம்.